பாதி வேலையில் நின்ற எம்.டி. 90: எங்கே விற்பது என்ற முடிவு

விசுவமடுப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று, திருத்த வேலை பாதியில் நின்றுபோன மோட்டார் சைக்கிள் ஒன்றை 2023இல் விற்றது. அதை யாரிடம், எந்த ஊரில், எந்த நிலையில் விற்பது என்று முடிவெடுத்த விதமும் பிறகு நடந்தவையும் இங்கே பதியப்படுகின்றன. மோட்டார் தொழில்நுட்பம் கற்பிப்பவன் என்பதால் என்னை ஆலோசனைக்கு அழைத்தார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

ஹொண்டா எம்.டி. 90 ஜப்பானியத் தபால் சேவைக்கென்று செய்யப்பட்ட வண்டி. 1958இல் வெளிவந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளச் பிடி கிடையாது, மூன்று கியர், கனம் குறைவு, சுமை தாங்கும் பின்கரியர். ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிக் கழித்த வண்டிகள் இலங்கைக்கு வந்தன. அவற்றை வடக்கின் வன்னிப் பகுதி தனதாக்கிக்கொண்டது. கிரவல் வீதியில், குளக்கட்டில், நெல் மூடையோடு வயல் வரம்பில் எல்லாம் ஓடும். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த ஓட்டத்தை எல்லா என்ஜினும் பொறுக்காது.

இந்த வண்டியைத் தந்தையார் வவுனியாவில் வாங்கினார். 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பிறகு அங்கே போய்ப் பார்த்து, பதிவுப் புத்தகத்தோடு எடுத்து வந்த வண்டி. 2009இல் கடைசி இடப்பெயர்வின்போது வண்டியை முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவிட்டு நடந்தார்கள். புத்தகம் மட்டும் பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதியோடும் ஒரே பொலித்தீன் பையில் முகாமுக்குப் போய்த் திரும்பியது. மீள்குடியேற்றத்துக்குப் பின் குவிக்கப்பட்டிருந்த வாகனங்களுக்குள் தங்கள் வண்டியை இலக்கத்தைக் கொண்டு அடையாளம் கண்டு எடுத்தார்கள். சீற் எரிந்து, பின் ரிம் நெளிந்து, பெற்றோல் டாங்கி துருவேறிக் கிடந்தது. கொட்டிலில் ஏற்றி வைத்து, மேலே தறப்பாள் போட்டு மூடிவிட்டார்கள்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய வண்டிகளின் விலை ஏறத் தொடங்கியது. மூத்த மகன் 2021இல் தறப்பாளை நீக்கினார். முழுதாகத் திருத்தி நல்ல விலைக்கு விற்கலாம் என்பது அவர் கணக்கு. 2022 பொருளாதார நெருக்கடி அந்தக் கணக்கைக் கவிழ்த்தது. உதிரிப்பாகங்களின் விலை கட்டுக்கடங்காமல் போனது. லேத் கடைக்குப் போவதற்கே பெற்றோல் இல்லை. வேலை நின்றது.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறையில் எரிபொருள் கொடுக்கத் தொடங்கியபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் ஒதுக்கினார்கள். பதிவிலக்கமும் செசி (சட்டகம்) இலக்கமும் இருந்தால் பதிய முடிந்தது. அதனால், சக்கரம்கூட இல்லாமல் கிடந்த இந்த வண்டியின் பெயரில் பெற்றோல் வந்தது. அது நீர் இறைக்கும் இயந்திரத்துக்குப் போனது. வண்டி ஓடாவிட்டாலும் புத்தகத்துக்கு மதிப்பு இருக்கிறது என்பதை ஊர் அப்போதுதான் கண்ணால் கண்டது.

2023இன் நடுப்பகுதியில் குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ஐப்பசி மழைக்கு முன் மேட்டுக்காணியில் கச்சான் (நிலக்கடலை) போட வேண்டும். விதைக்கும் உழவுக்கும் கையில் காசில்லை. அடகு வைக்க நகை மிச்சமில்லை. வண்டியை விற்பது என்று முடிவாயிற்று.

வண்டி இருந்த நிலை

நான் பார்த்தபோது செசிக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து முடிந்திருந்தது. சிலிண்டரின் உட்புறத்தை ஓர் அளவு கூட்டிக் கடைந்து (போர் செய்து), அதற்கேற்ற புதிய பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கியிருந்தார்கள். ஹெட்டில் வால்வு இருக்கைகள் தேய்த்துச் சரிசெய்யப்பட்டிருந்தன. முன் ரிம் புதிது. பின் ரிம் நிமிர்த்தப்பட்டது. ஸ்போக் கம்பிகள் கட்டாமல் பொதியாகக் கிடந்தன. வயரிங் இல்லை. பக்கமூடி ஒன்றும் செயின் கவரும் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றவை மூன்று மாப்பெட்டிகளில் இருந்தன. ஆணிகளும் நட்டுகளும் ஒரே தகரப் பேணியில்.

பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் தொடவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். மெல்லிய ஆட்டம் கையில் தட்டியது. புதுப் பிஸ்டன் போட்ட என்ஜினில் இப்படி ஓர் ஆட்டம் இருந்தால், ஓடத் தொடங்கிய சில நாட்களில் சத்தம் கேட்கும். மகன் அதைத் தேய்மானமாகவே எண்ணவில்லை. "கொஞ்சம்தானே சேர்" என்றார். விற்கும்போது எல்லாத் தர்க்கமும் அந்தக் கொஞ்சத்தில்தான் வரும் என்று சொன்னேன்.

இன்னொரு சிக்கல் செசி இலக்கத்தில். பெயின்ற் அடித்தவர் அந்த இடத்தை மறைத்துக் கட்டாமல் பிரைமரும் பெயின்ற்றும் சேர்த்துப் பூசிவிட்டார். குழிந்த எழுத்துகள் நிரம்பி, விரலால் தடவினால் மட்டும் தெரியும் நிலை. கம்பித் தூரிகையாலோ சாணைச் சக்கரத்தாலோ அதைச் சுரண்டக் கூடாது. சுரண்டிய தடம், இலக்கத்தை மாற்றிய தடம் போலவே கண்ணுக்குப் படும்; பொலிஸாருக்கும் அப்படித்தான் படும். தின்னரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு, மரக்குச்சியால் மெல்ல எடுக்கச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது, புத்தகத்தோடு பொருந்தியது. என்ஜின் இலக்கமும் பொருந்தியது. இந்த வயது வண்டியில், அதுவும் இந்த வண்டி கடந்து வந்த பாதையில், இரண்டும் பொருந்துவது அரிது. விலையை நிர்ணயித்தது புதுப் பிஸ்டனோ பெயின்ற்றோ அல்ல, இதுதான்.

புத்தகம்

புத்தகம் தந்தையாரின் பெயரில் இல்லை. வவுனியாவில் விற்றவரின் பெயரிலேயே இருந்தது. அவர் கையொப்பமிட்ட, திகதியிடாத உரிமை மாற்றப் படிவம் ஒன்று மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தது. இப்படித் திறந்த பத்திரத்தில் வண்டி கைமாறுவது நாடு முழுவதும் நடக்கும் பழக்கம். சட்டப்படி வாங்கியவர் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன; படிவம் மடிப்பில் கிழியும் நிலையில் இருந்தது.

முதல் உரிமையாளர் வவுனியாவில் இன்னமும் இருக்கிறாரா என்று தேடுவதையே முதல் வேலையாக வைத்தோம். விலை பேசுவதற்கு முன் இதைச் செய்ததற்குக் காரணம் உண்டு. பத்திரம் சரியாகுமா ஆகாதா என்று தெரியாமல் கேட்கும் எந்த விலையும் வெறும் வாய்விலை. நல்வாய்ப்பாக அவர் அதே வீட்டில் இருந்தார். வயது போயிருந்தாலும் நினைவு தெளிவு. தன் பெயரில் ஒரு வண்டி இத்தனை காலம் எங்கோ கிடக்கிறது என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. வாங்குபவர் முடிவானதும் புதிய படிவத்தில் கையொப்பமிட்டு, அடையாள அட்டைப் பிரதியும் தருவதாகச் சொன்னார்.

வந்த கேள்விகள்

முதலில் வந்தவர் பழைய இரும்பு வாங்குபவர். கிலோக் கணக்கில் பேசினார். அவரை விட்டுவிடலாம்.

இரண்டாமவர் கிளிநொச்சியிலிருந்து வந்த தரகர். வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. புத்தகத்தையும் இலக்கத்தகட்டையும் மட்டும் கேட்டார். இரும்புக்காரர் முழு வண்டிக்குச் சொன்னதைவிடப் பல மடங்கு அதிகமாக, 50,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். பத்திரம் இல்லாத வேறொரு வண்டிக்கு இந்தப் புத்தகத்தைப் பொருத்துவதுதான் நோக்கம். அது குற்றம். அந்த வண்டி விபத்தில் சிக்கினாலும் களவு வண்டியாகப் பிடிபட்டாலும் பொலிஸார் முதலில் தட்டும் கதவு வவுனியாவில் இருக்கும் முதியவருடையது. தந்தையார் உடனே மறுத்துவிட்டார். செல் வீச்சையும் தாண்டிக் கொண்டுவந்த புத்தகத்தைக் களவுக்குக் கொடுக்க முடியாது என்றார். அந்த இடத்தில் எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

மூன்றாவது வழி, கழற்றி விற்பது. வவுனியாவில் உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர் கார்பரேட்டர், முன் போர்க், ஹெட், டாங்கி, புதிய பிஸ்டன் தொகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விலை சொன்னார். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 80,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல பாகங்கள் முதலில் போய்விடும். செசியும் கிராங்கும் பெட்டிமூடிகளும் கொட்டிலிலேயே கிடக்கும். வண்டி இல்லாமல் போனதால் பதிவை நீக்கும்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் வேலையும் தலையில் விழும். பாகம் பாகமாக விற்று முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதும் சொல்ல முடியாது, ஐப்பசி காத்திராது.

நான்காமவர் அயல் விவசாயி. அவருக்கு ஓடும் வண்டிதான் வேண்டும். முடித்துத் தந்தால் காலபோக அறுவடைக்குப் பின் இரண்டு தவணையில் பணம் தருவார். நல்ல மனிதர். இருந்தாலும் முடிப்பதற்கே காசில்லாத இடத்தில் இது பொருந்தவில்லை.

ஐந்தாமவர் கொழும்பில் பழைய ஜப்பானிய வண்டிகளைச் சேர்ப்பவர். மகன் இணையத்தில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து அழைத்தார். 160,000 ரூபாய் என்றார். வீட்டில் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. ஆறாமவர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் கராஜ் வைத்திருப்பவர், பழைய எம்.டி.களைத் திருத்தி, வெளிநாட்டிலிருந்து கோடையில் வந்து போகிறவர்களுக்கு விற்பது அவர் தொழிலில் ஒரு பகுதி. 115,000 என்றார், வந்து பார்த்த பிறகே உறுதி என்றார்.

கொழும்பா, தென்மராட்சியா

45,000 ரூபாய் வித்தியாசம் ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சிறியதல்ல. மகன் கொழும்புக்கே சாய்ந்தார். தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொருவரும் நாம் சொல்வதில் எவ்வளவை நேரில் பார்க்காமல் நம்பினால் அந்தப் பணம் கைக்கு வரும் என்று எழுதிப் பார்த்தோம்.

கொழும்புக்காரர் நம்ப வேண்டியவை நிறைய. பெட்டிகளில் இருப்பது இந்த வண்டியின் பாகங்கள்தான் என்பது, போர் வேலை சரியாகச் செய்யப்பட்டது என்பது, காணாமல் போனவை இரண்டு பாகங்கள் மட்டும் என்பது. ஓடும் வண்டியென்றால் ஸ்ராட் செய்து, ஒரு காணொளி அனுப்பிவிடலாம். கழற்றிய வண்டியைப் பற்றி அப்படி எந்தச் சாட்சியும் அனுப்ப முடியாது. அவர் நிபந்தனைகளும் இந்த ஐயத்திலிருந்தே பிறந்தன: பாதிப் பணம் முன்னால், மீதி வண்டியைப் பார்த்த பின், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். தபால் வண்டியின் மூலச் சிவப்பு அவருக்கு முக்கியம். நம் வண்டி கறுப்பு. அதைச் சொன்னதும், வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். "வந்த பிறகு" என்றால் விலை இறங்கும் என்று பொருள்.

பிறகு ஏற்றும் வேலை. ரயிலில் பொதியாக அனுப்பும் யோசனையும் இருந்தது. ஆனால் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலான பாதை திருத்த வேலைக்காக அந்த ஆண்டு ஜனவரி முதல் மூடப்பட்டிருந்தது, ஜூலையில்தான் திறந்தது. அந்த வழக்கம் மீண்டும் சீராகும்வரை காத்திருக்க நேரமில்லை. முல்லைத்தீவிலிருந்து பேலியகொடச் சந்தைக்கு மீன் லொறிகள் போகின்றன, மலிவாக ஏற்றுவார்கள் என்று ஒருவர் சொன்னார். உப்புத்தண்ணீர் ஒழுகும் லொறியில் புதிதாகப் பெயின்ற் அடித்த செசியை ஏற்றச் சொன்னவருக்கு இரும்பைப் பற்றி எதுவும் தெரியாது. தனி லொறி பிடித்தால் கூலி, பெட்டி அடிக்கும் செலவு, திரும்பி வந்தால் மறுபடியும் கூலி. இவற்றைக் கழித்து, கொழும்பில் ஏற்படக்கூடிய விலைக்குறைப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தென்மராட்சித் தொகையை ஒட்டியே வந்தது. ஆனால் கொழும்புப் பணத்தில் பாதி, அவர் பார்த்த பின் வருவது.

தென்மராட்சிக்காரர் எதையும் நம்ப வேண்டியதில்லை. தன் கையால் ரொட்டை ஆட்டிப் பார்ப்பார், பெட்டியைக் கவிழ்த்து எண்ணிப் பார்ப்பார். குறை இருந்தால் அதற்குத் தன் கராஜில் என்ன செலவாகும் என்று அவருக்குத் தெரியும். தெரியாத குறைக்கு மனிதர் இரட்டிப்பாகக் கழிப்பார். தெரிந்த குறைக்கு அதன் விலையை மட்டும் கழிப்பார். அதனால் அவருக்கு விற்பதென்று முடிவெடுத்தோம். தந்தையாருக்கு இன்னொரு காரணமும் இருந்தது: வண்டி மறுபடியும் வீதியில் ஓடும்.

முடித்து விற்கலாமா என்ற கேள்வியையும் எடுத்துப் பார்த்தோம். வயரிங், சீற், ரயர், கிராங் வேலை எல்லாம் சேர்ந்தால் கடன் வாங்க வேண்டும். அதைவிட, தொழிலாக வண்டி திருத்துகிறவர் இன்னொருவர் முடித்த வேலையை அரைகுறையாகவே மதிப்பார். இடைவழி ஒன்றைத் தேர்ந்தோம்: என்ஜினை மூடாமல், வண்டியைச் சக்கரங்களில் நிறுத்துவது. ஸ்போக் கட்டி, பழைய ரயர்களைப் போட்டு, ஹான்டிலையும் போர்க்கையும் பொருத்தியதும் அது தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒன்றாயிற்று. செலவு சொற்பம். பெட்டிகளில் கிடந்தவரை அது இரும்பு. நிமிர்ந்து நின்றதும் வருகிறவர்கள் எல்லோரும் வண்டி என்றார்கள். கிராங்கைத் திறந்தே வைத்தோம். மூடினால் மறைத்தது போலாகும்.

விற்பனை

ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், அவர் பட்டா என்ற சிறு லொறி ஒன்றோடு வந்தார். தறப்பாளை முற்றத்தில் விரித்து, எல்லாப் பாகங்களையும் அவை இருக்க வேண்டிய ஒழுங்கில் அடுக்கி வைத்திருந்தோம். அவர் முதலில் கேட்டது புத்தகத்தை. இலக்கங்களை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து, "ஐயா, இது கையில்லாத வண்டி" என்றார். வேறு வண்டியின் பாகம் கலக்காதது என்ற பொருளில். பிறகு ரொட்டை ஆட்டினார். 105,000 என்றார்.

ரொட்டின் ஆட்டத்தை நாம் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருந்தோம். தொலைபேசியிலும் சொல்லியிருந்தோம். அதை எடுத்துக் காட்டினார் மகன். தெரிந்துகொண்டு சொன்ன விலையைத் தெரிந்த குறைக்காகவே குறைப்பது நியாயமில்லை என்றார். சற்றுப் பேசி 112,000இல் முடிந்தது. மகன் அன்று வரை தன் செலவுச் சிட்டைகளை எல்லாம் காட்டி விலை பேசும் எண்ணத்தில் இருந்தார். வாங்குபவருக்கு நம் சிட்டை எதற்கு? அவர் பார்ப்பது இனிச் செலவாகப் போவதை. சிட்டைகளை உள்ளே வைக்கச் சொன்னேன். லேத் கடைச் சிட்டையை மட்டும் போர் அளவுக்காகக் கொடுத்தோம்.

விற்பனைக் குறிப்பு இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டது. பதிவிலக்கம், செசி இலக்கம், என்ஜின் இலக்கம், கொடுக்கப்பட்ட பாகங்கள், இல்லாத பாகங்கள், கிராங்கில் ஆட்டம் உண்டு, திறந்த பின் என்ஜின் ஓட்டிப் பார்க்கப்படவில்லை, கையளித்த திகதியும் நேரமும். நேரம் எழுதுவதை அவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். அந்த மணிக்குப் பிறகு வண்டியால் வரும் எந்தப் பொறுப்பும் யாருடையது என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து எல்லோருமாக வவுனியாவுக்குப் போனார்கள். முதல் உரிமையாளர் வாங்குபவரின் பெயரை எழுதிய படிவத்தில், எல்லோர் முன்னிலையிலும் கையொப்பமிட்டார். பழைய திறந்த படிவத்தை அங்கேயே கிழித்தார்கள். பணத்தின் பெரும்பகுதி அதன் பிறகே கைமாறியது.

பின்னர் நடந்தவை

விண்ணப்பம் 14 நாட்களுக்குள் கொடுக்கப்பட்டு, வண்டி புதியவரின் பெயருக்கு மாறியது. அவர் கிராங்கைப் பிரித்தபோது பேரிங்கும் கிராங் பின்னும் நாங்கள் எழுதியதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தன. அழைத்துச் சொன்னார், முறைப்பாடாக அல்ல. குறிப்பில் "ஆட்டம் உண்டு" என்ற வரி இல்லாதிருந்தால் அந்த அழைப்பு வேறு குரலில் வந்திருக்கும்.

வண்டியைச் சிவப்பாக மாற்றி, அடுத்த ஆண்டு கோடையில் விற்றார். எவ்வளவுக்கு என்று கேள்விப்பட்டபோது மகனுக்கு மனம் கசந்தது. நாம் பெற்றதன் இரண்டு மடங்குக்கு மேல். அந்த இடைவெளியில் கிராங் வேலை, பெயின்ற், வயரிங், சீற், பல மாதக் கூலி எல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டார். முழுதாக இல்லை என்று நினைக்கிறேன்.

பணம் விதைக் கச்சானுக்கும் உழவுக்கும் போனது. அந்த மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தது. கச்சானில் ஒரு பகுதி அழுகியது. வண்டி கிடந்த கொட்டிலுக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர் நின்றது.

மாற்றிச் செய்யக்கூடியவை

கழற்றும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ஆணிகளைத் தனித்தனிப் பைகளில் எழுதிப் போட்டிருந்தால் தூரத்து வாங்குபவரும் ஓரளவு நம்பியிருப்பார். அப்போது கொழும்பு வழி இவ்வளவு விரைவாக அடைபட்டிருக்காது. முடிக்காமல் விற்க நேரலாம் என்று எண்ணித்தான் ஒரு வண்டியைப் பிரிக்கத் தொடங்க வேண்டும். யாரும் அப்படித் தொடங்குவதில்லை. பெயின்ற்றை மூலச் சிவப்பில் அடித்திருந்தாலும், அல்லது அடிக்காமலே விட்டிருந்தாலும், அந்தச் செலவு வீணாகியிராது. பெயின்ற்காரருக்கு வேலை கொடுக்கும் முன் செசி இலக்கத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுவது ஒரு நிமிட வேலை.

பத்திர மாற்றத்தை விற்பனைக்காகக் காத்திருக்க விட்டிருக்கக் கூடாது. முதல் உரிமையாளர் உயிரோடும் நல்லெண்ணத்தோடும் இருந்தது இந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம். அவர் இல்லாதிருந்தால் பிள்ளைகளின் சம்மதம், மரணச் சான்றிதழ் என்று பேச்சு வேறு திசைக்குப் போயிருக்கும். புத்தகம் மட்டும் கேட்ட தரகருக்கு அது சாதகமாகியிருக்கும்.

எழுதாமல் விடுபட்டது ஒன்று உண்டு. வண்டி ஓடாமல் கிடந்த ஆண்டுகளில், அது பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கவே இல்லை. புதியவர் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனபோது நிலுவை கேட்டார்கள். அதை யார் கட்டுவது என்று விற்பனைக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை. இரு தரப்பும் தொலைபேசியில் சிறிது இழுபறிப்பட்டு, கடைசியில் பாதி பாதியாகக் கட்டினார்கள்.